பக்கத்து நிரையில் யாரும் இல்லை

1.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கோல்ஃப் மட்டையை நான் தொட்டதுகூட இல்லை. போன டிசம்பரில் கந்தப்பளை பஸ் நிறுத்தத்தில் ஒருவர் குடையைத் தலைகீழாகப் பிடித்து, இல்லாத பந்தை அடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் வீச்சு பாதியில் நின்றது. ஏன் என்று கேட்பதற்குள் என் பஸ் வந்துவிட்டது. கேட்காமல் போனதற்கு ஈடாக இந்தக் கதையை எழுதுகிறேன். பெயர்கள் உட்பட மீதி எல்லாம் கற்பனை.

முதல் தொடக்கம்: "மூடுபனி நுவரெலியாவைப் போர்த்தியிருந்த ஒரு காலையில்—"

வேண்டாம். இந்த ஊரில் பனியைப் பார்த்துக்கொண்டு நிற்க யாருக்கு நேரமிருக்கிறது?

இரண்டாவது: "பத்திநாதனுக்குக் கோபம் வந்தது."

இதுவே இருக்கட்டும்.

2.

பத்திநாதனுக்குக் கோபம் வந்தது. ஒன்பதாவது வாரமாகப் பந்து கோல்ஃப் மைதானத்துக் குறுக்கே ஓடும் ஓடைக்குள்ளேயே விழுந்துகொண்டிருந்தது.

வயது நாற்பத்திரண்டு. பதினெட்டு வருடம் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். பிறகு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டினார். அதற்கும் இப்போது இயந்திரம் வந்துவிட்டது. மாத முடிவோடு வேலை இல்லை. ஆனால், புதிதாக ஆட வருகிறவர்களுக்கு ஆரம்பப் பாடம் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. ஐந்து பந்தில் மூன்றை ஓடைக்கு அப்பால் அடித்துக் காட்டினால் அந்த இடம் அவருக்கு. இல்லாவிட்டால் கொழும்பில் காவலாளி வேலை. மனைவி கேத்ரினையும் பிள்ளைகள் இருவரையும் மாதத்தில் ஒருமுறை பார்க்கலாம்.

பழக்கியவள் ரூபிகா, மைதானத்தின் பயிற்சியாளர். பஜாரில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகள். அவரைவிடப் பதினைந்து வயது இளையவள்.

"அண்ணே, பந்துல பட்டதும் ஏன் நிப்பாட்டுறீங்க? கை தோளுக்கு மேல போகணும்."

"போகுதே டீச்சர்."

"எங்க போகுது? டிக்கட் எடுக்காத ஆளு மாதிரி பாதி வழியில எறங்கிருது."

அவர் சிரிக்கவில்லை. மட்டையைப் புல்லில் போட்டார். "பதினெட்டு வருஷம் கத்தி வீசின கை. இந்தக் குச்சிய வீசத் தெரியல."

(இங்கே பத்திநாதன் குடித்துவிட்டு வீடு போவதாக ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். பஸ் நிறுத்தத்தில் ஒரு நிமிடம் பார்த்த மனிதர் மேல் இல்லாத பழியைப் போட எனக்கு என்ன உரிமை?)

3.

ஞாயிறு பூசை முடிந்து கேத்ரினும் மைதானத்துக்கு வந்தாள். பூசைக்குக் கட்டிய சேலையை ஒதுக்கிக்கொண்டு புல்லில் உட்கார்ந்து, அவர் நான்கு பந்து அடிக்கும்வரை அவருடைய கைகளையே பார்த்தாள்.

"ஏங்க, பக்கத்து நெரையில யாரு நிக்கிறா?"

"என்னது?"

"யாரையோ வெட்டிறக் கூடாதுன்னு கைய இழுத்துக்கிறீங்களே, அதான் கேட்டேன்."

பத்திநாதன் தன் கையையே பார்த்தார். கவ்வாத்து மலையில் ஆளுக்கொரு நிரையாக, செடி வரிசைக்கு ஒருவராக, நிற்பார்கள். கத்தி செடியைத் தாண்டினால் அடுத்தவர் முழங்கால். வெட்டிய அதே நொடியில் கையை இழுத்துவிட வேண்டும். பதினெட்டு வருடத்தில் அவருடைய கத்தி ஒருவர் மேலும் பட்டதில்லை.*

"ஒம்பது வாரம்!" ரூபிகா தலையில் கைவைத்தாள். "அக்கா, நீங்க மொத வாரமே வந்திருக்கக் கூடாதா?"

"கூப்பிட்டாத்தானே?"

அன்று ஏழு பந்துகள் ஓடையைத் தாண்டின.

* இதை ரூபிகா கண்டுபிடிப்பதாகத்தான் திட்டம் போட்டிருந்தேன். கேத்ரின் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். இவ்வளவு நேரம் நான் குறை என்று எழுதிவந்தது அயலான் மேலுள்ள அக்கறை என்று அவள் சொன்ன பிறகே எனக்கும் தெரிந்தது. ஆண்டவர் சில பாடங்களை எழுதுகிறவனுக்குக் கடைசியில்தான் காட்டுகிறார்.

4.

சோதனை நாள். முதல் இரண்டு பந்துகளும் தாண்டின. கிட்ட நின்று பார்க்க ஆசைப்பட்ட மைதான முகாமையாளர் பக்கத்தில் வந்து, பத்திநாதனின் இடதுபுறம் நின்றுகொண்டார். மூன்றாவது பந்து ஓடைக்குள். நான்காவதும்.

பத்திநாதனுக்குக் காரணம் புரிந்தது. பக்கத்து நிரையில் இப்போது நிஜமாகவே ஒருவர் நின்றார். சொல்ல வேண்டியது ஒரே வரி. ஆனால், தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற நாள் முதல், தள்ளி நில்லுங்கள் என்று எந்த அதிகாரியிடமும் அவர் சொன்னதில்லை.

முடிவு ஒன்று: அவர் சொல்லவில்லை. ஐந்தாவது பந்தும் விழுகிறது. கொழும்பு பஸ்ஸின் கடைசி ஆசனத்தில் அவர்—

இதை முடிக்க மாட்டேன். நல்லவர்கள் தோற்றால்தான் கதைக்கு ஆழம் என்று நம்பும் நண்பர்கள் எனக்கு உண்டு. மன்னிக்கட்டும்.

முடிவு இரண்டு: அவர் சொல்கிறார். முகாமையாளர் சீறுகிறார். "எனக்கே நீ—"

இதுவும் வேண்டாம். மரியாதையாகக் கேட்டால் வழிவிடுகிறவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஆகவே, பத்திநாதன் மட்டையைத் தரையில் ஊன்றினார். முகாமையாளர் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் கேட்டார்: "சேர், கொஞ்சம் பின்னால நிக்கிறீங்களா? நீங்க பக்கத்துல நின்னா பட்டுருமோன்னு எனக்குக் கை வர மாட்டேங்குது."

முகாமையாளர் மட்டையைப் பார்த்தார். தன் முழங்காலைப் பார்த்தார். "அட, இத முன்னமே சொல்லியிருக்கலாமே!" பத்தடி பின்னால் போனார். "போதுமா?"

"இன்னும் கொஞ்சம் சேர்."

ரூபிகா சிரிப்பை அடக்க வானத்தைப் பார்த்தாள்.

மட்டை உயர்ந்தது, இறங்கியது, பந்தில் பட்டது, நிற்கவில்லை. தோளைத் தாண்டி முதுகுவரை சுற்றி வந்தது. பந்து ஓடையைத் தாண்டி, அக்கரை மேட்டையும் தாண்டி விழுந்து, குதித்து, உருண்டுகொண்டே போனது.

"அண்ணேஏ!" என்று ரூபிகா போட்ட சத்தத்தில் ஓடைக்கரைக் கொக்குகள் எல்லாம் எழுந்து பறந்தன. முகாமையாளர் அவ்வளவு தூரத்தையும் திரும்ப நடந்துவந்து கை கொடுத்தார்.

5.

பத்திநாதன் கேத்ரினுக்குப் போன் எடுத்தார். அவள் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க ஆச்சு?"

அவளைச் சுற்றி நின்ற பெண்களின் பேச்சு சட்டென்று அடங்கியது அவருக்கும் கேட்டது.

அவர் என்ன சொன்னார் என்று ஆறு விதமாக எழுதிப் பார்த்தேன். ஆறிலும் என் குரல்தான் கேட்கிறது. நல்ல செய்தி ஒன்றை வீட்டுக்குச் சொல்ல வார்த்தை தேடிய நாள் உங்களுக்கும் இருந்திருக்கும். அன்று நீங்கள் சொன்னதை இவருக்குக் கொடுங்கள்.

சீக்கிரம். அந்த மலையில் சிக்னல் அதிக நேரம் நிற்காது.