ஒன்றும் கேட்காத மாப்பிள்ளை

"வளவுக்குள்ள புதுசா ஒரு கொட்டில் நிக்குதே, அது ஆருக்கு?"

கலியாணத்துக்கு நாள் குறிக்க வந்த சாலிஹ், தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதைக் கேட்டான். பெண்ணின் வாப்பா சீனிமுகம்மது சிரித்தார்.

"எங்களுக்குத்தான் மனே. ஊட்ட மகள்ட பேருக்கு எழுதியாச்சி. நீங்க ரெண்டு பேரும் இதுக்குள்ள, நாங்க அதுக்குள்ள."

"அப்ப எனக்கு இந்த ஊடு வேணாம்," என்றான் சாலிஹ்.

சாய்ந்தமருதில் மகளைப் பெற்றவன் வீடு கட்டுவது தான் குடியிருக்க அல்ல. மாப்பிள்ளை வந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு வளவு மூலையில் ஒரு கொட்டிலுக்குப் போய்விட வேண்டும். ஏன் என்று கேட்டவனும் இல்லை, வேண்டாம் என்று சொன்ன மாப்பிள்ளையும் இல்லை. ஐம்பத்தேழாம் ஆண்டில் முதன்முதலாக ஒருவன் சொன்னான். அதுதான் அவன் செய்த குற்றம்.

சீனிமுகம்மதுவுக்கு மூத்தவர், அவருடைய காக்கா மீராசாஹிபு, தொண்டையைச் செருமினார். அந்தக் குடும்பத்துக்கு நல்லது கெட்டது தீர்மானிப்பவர் அவர்தான்.

"தம்பி இங்கிலாந்தில என்ன படிப்பு?"

சாலிஹ் எழுந்துபோய் மூலையிலிருந்த பெற்றரி றேடியோவைத் திறந்து, எந்த நிலையமும் எடுபடாத இடத்தில் முள்ளை நிறுத்தினான். சோவென்று இரைந்தது.

"இந்த இரைச்சல்ல ஒரு துளி வானத்திலயிருந்து வாறது. நம்மட பால்வீதி மாதிரி, எட்டாத தூரத்தில வேற வேற நட்சத்திரக் கூட்டங்கள் இரிக்கி. அதுகளுக்குள்ள ஐதரசன் எண்டு ஒரு வாயு. நிறமில்ல, மணமில்ல. ஆனா ஒரு அலைய அனுப்பிக்கிட்டே இரிக்கும். அலையிட நீளம் இவ்வளவுதான்." கையை விரித்துச் சாண் காட்டினான். "பெரிய இரும்புத் தட்டு ஒண்டால அதப் பிடிப்பம். அலை கொஞ்சம் சுருங்கி வந்தா வாயு நம்மட பக்கம் வருது, நீண்டு வந்தா விலகிப் போகுது. அப்பிடிப் பாத்து அந்தக் கூட்டம் எப்பிடிச் சுத்துது, எவ்வளவு பாரம் எண்டு கணக்குப் போடுறன்."

"அத அறிஞ்சி என்ன செய்ற?"

"அறியிறதுதான்."

திரைச்சீலைக்குப் பின்னால் நின்ற பரீனா தன் கையை விரித்துச் சுவரில் வைத்துப் பார்த்தாள். அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது. வாப்பாவையும் உம்மாவையும் கொட்டிலுக்கு அனுப்பாத மாப்பிள்ளையை எந்தப் பெண்ணுக்குத்தான் பிடிக்காது?

சாலிஹ் போனதும் விசாரணை தொடங்கியது.

"ஒண்டும் வேணாங்கிறானே, என்ன குறையாம்?" என்றார் மீராசாஹிபு. "அங்க வெள்ளைக்காரி ஒருத்திய வெச்சிருப்பான். இல்லாட்டி தலையில கோளாறு. வானத்து வாயுவ நிறுக்கிறானாம்."

தெருவும் அதையே சொன்னது. பள்ளிவாசலடியில் சொன்னார்கள், மீன் சந்தையில் சொன்னார்கள். வெள்ளைக்காரிக்குப் பிள்ளை கூடப் பிறந்துவிட்டது. சீனிமுகம்மது ஒருநாள் சாலிஹின் வீட்டுக்கே போய், வீட்டைப் பேருக்காவது எடுத்துக்கொள்ளும்படி கெஞ்சினார். அவன் மசியவில்லை. கொழும்பில் வேலை கிடைத்ததும் வாடகை வீடு எடுப்பேன் என்றான். அவர் தலைகுனிந்து திரும்பினார்.

"எனக்குச் சம்மதம் உம்மா," என்றாள் பரீனா அன்று.

ஆயிஷா உம்மா அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "குமர்ப்புள்ள கதைக்கிற கதையா இது? உள்ள போ."

பேச்சு முறிந்தது. சாலிஹ் கப்பலேறினான். பரீனா அழவில்லை. அழுகை வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவளுக்கு ஒன்றுமே வரவில்லை.

அடுத்து வந்தவர் கந்தோர் கிளாக்கர் மஜீட். வீடு கேட்டார். றேடியோவும் வீட்டோடு இருக்கட்டும் என்றார். ஒரு துண்டு வயலும் கேட்டார். எல்லோருக்கும் மூச்சு வந்தது. "கேக்கத் தெரிஞ்ச புள்ள," என்றார் மீராசாஹிபு. கலியாணம் நடந்தது. வாப்பாவும் உம்மாவும் தங்கச்சி றாஹிலாவும் கொட்டிலுக்குப் போனார்கள்.

மஜீட் கெட்டவர் இல்லை. அடிக்கவில்லை, குடிக்கவில்லை. பின்னேரம் றேடியோவில் பாட்டுத் தேடுவார். முள் நகரும்போது நடுவில் சோவென்று இரையும். பரீனா குசினி வாசலில் அப்படியே நிற்பாள்.

"என்னகா நிக்கிற? அது வெறும் இரைச்சல்," என்று சொல்லி அவர் முள்ளைத் திருப்புவார். அவள் கறியைக் கிண்டப் போய்விடுவாள்.

மாரி வந்தது. கொட்டில் ஒழுகியது. ஆயிஷா உம்மாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. பரீனாவின் ஓட்டு வீட்டில் அறையொன்று வெறுமனே கிடந்தது. மருமகன் இருக்கும் வீட்டில் மாமி படுப்பது மரியாதையில்லை என்று உம்மாவே வர மறுத்துவிட்டாள்.

அந்த மழைக்குள் மீராசாஹிபு குடையோடு கொட்டிலுக்கு வந்தார். றாஹிலாவுக்கு ஒரு சம்பந்தம். வாப்பாவுக்குக் கஞ்சி கொண்டுவந்த பரீனாவும் அங்கேதான் நின்றாள்.

"நல்ல இடம்," என்றார் அவர். "மாப்புள்ளையில ஒரு குறையும் இல்ல. ஊடு மட்டும் கேக்கிறாங்க. மிச்ச வயல வித்துக் கட்டலாம்."

சீனிமுகம்மது தலையை ஆட்டப் போனார். மூலையில் உம்மா இருமினாள்.

"ஊடு கேக்கிறாங்களா பெரிய வாப்பா?" என்றாள் பரீனா. குரலில் கோபம்கூட இல்லை.

"ஓம்."

"அப்ப நல்லா விசாரிங்க. என்ன குறையாம் எண்டு."

மீராசாஹிபு தம்பியைப் பார்த்தார். தம்பி கஞ்சிக் கோப்பையைப் பார்த்தார். றாஹிலா மட்டும் ராத்தா பரீனாவின் முகத்தைப் பார்த்தாள்.

பரீனா உம்மாவைத் தூக்கி நிறுத்தி, முந்தானையால் தலையை மூடி, மழைக்குள்ளால் ஓட்டு வீட்டுக்கு நடத்திக்கொண்டு போனாள்.