பார்வை நாள்

“தப்பா நினைக்காதீங்க சார். மேடம் வீட்ல இறந்தாங்களா, ஆஸ்பத்திரியிலயா?”

தரகர் ஹாலின் நீளத்தை அளந்து முடித்திருந்தார். அகலத்துக்கு டேப்பின் நுனியைச் சுவரோரம் பிடிக்கச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டு எதிர்ச்சுவருக்குப் போயிருந்தார். நான் குனிந்து பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த நிலையில் கேட்டால் ஆள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பது அவர் தொழிலில் கற்றதாக இருக்கலாம்.

“வண்டியில” என்றேன்.

“ஆம்புலன்ஸ்லயா?”

“ஆமா.”

“அப்ப வீட்டு மேல ஒண்ணும் இல்ல.” டேப் என் விரலிலிருந்து நழுவிச் சர்ரென்று அவர் கைக்குள் ஓடியது. “நல்லதாப் போச்சு. நல்லதுன்னா... நான் விலையைச் சொல்றேன் சார்.”

புரிந்தது. வீட்டில் இறந்திருந்தால் ஒரு விலை, படுக்கையறையில் என்றால் அதற்கும் கீழே ஒரு விலை. ஆம்புலன்ஸை யாரும் விலைக்குக் கேட்கப் போவதில்லை.

எங்கள் குடியிருப்பில் வீடு வேண்டும் என்று காத்திருப்பவர்கள் நிறையப் பேர். நகரத்திலிருந்து அரை மணி நேரம், மதில் சுவர், ஒரே உயரத்துக்கு வெட்டிவிட்ட செடிகள், ஒரே வெள்ளையில் வீடுகள். வாங்க வருகிறவர்கள் வீட்டைப் பார்ப்பதற்கு முன்பு ஒன்றைத்தான் கேட்பார்கள்: கடைசியாக இங்கே விற்றது என்ன விலைக்குப் போனது? அதற்கு இங்கே ‘கடைசி விலை’ என்றே பெயர். ஒருவர் குறைத்து விற்றால் மறுநாள் காலையில் எல்லோர் வீடும் குறைந்துவிடும். அதனால் இங்கே ஒருவர் வீட்டை விற்பது அவர் சொந்த விஷயம் இல்லை. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் வந்து உட்கார்ந்து பேசுவார். ஓய்வுபெற்ற தணிக்கையாளர். செடிகளின் உயரத்தைக் குனிந்து பார்த்தபடி காலையில் நடப்பார். என் மனைவி அவருக்கு ஹெட்மாஸ்டர் என்று பெயர் வைத்திருந்தாள். அவர் வருவது தெரிந்தால் ஜன்னலோரம் கையைக் கட்டி நிற்பாள். எனக்குச் சிரிப்பு வரும்வரை நிற்பாள்.

ஹெட்மாஸ்டர் அன்று மாலையே வந்தார்.

“அவசரப்பட்டுக் குறைச்சுக் குடுத்துடாதீங்க தம்பி. உங்க மனசு எனக்குப் புரியுது. எப்படியாவது தள்ளிவிட்டுட்டுப் போயிடலாம்னு இருக்கும். ஆனா நாங்கள்லாம் இங்கதானே இருக்கணும்?”

“சரிங்க.”

“மத்ததை நான் பாத்துக்கறேன். ஜோராப் பார்வை நாள் வெச்சுடலாம்.”

பார்வை நாள் என்பது அவர் கொண்டுவந்த ஏற்பாடு. எந்த வீட்டையாவது பார்க்க ஆள் வருகிறது என்றால் முதல் நாளே வாட்ஸ்அப் குழுவில் சொல்லிவிடுவார். கார்களை உள்ளே விட வேண்டும். மாடியில் துணி காயக் கூடாது. குழந்தைகள் தெருவில் சைக்கிள் விடக் கூடாது. பார்சல் கொண்டுவருகிறவர்கள் வெளியே நிற்க வேண்டும். பின் கேட்டைப் பூட்டிவிட வேண்டும், ஏனென்றால் அதற்கு அந்தப் பக்கம்தான் குப்பைத் தொட்டிகளும் கழிவுநீர் லாரி நிற்கும் சந்தும். வாங்க வந்தவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டே அந்தப் பக்கம் போய்விட்டால்? எல்லோரும் மறுபேச்சில்லாமல் கேட்பார்கள். நாளைக்கு அவரவர் வீட்டுக்கும் இதே மரியாதை வேண்டும்.

என் மனைவி சமையலறையில் தலையைப் பிடித்துக்கொண்டு சரிந்தது ஒரு பார்வை நாளில். பக்கத்து வீட்டைப் பார்க்க ஆட்கள் வந்திருந்தார்கள். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. முன் கேட்டிலிருந்த காவலாளி ஹெட்மாஸ்டருக்குப் போன் செய்தான். சைரனை நிறுத்திவிட்டுப் பின் பக்கமாக வரச் சொல்லுங்கள், அங்கிருந்து வீடு பக்கம்தானே என்றார் அவர். பின் கேட்டைப் பூட்டச் சொன்னதும் தான்தான் என்பது அந்த நேரத்தில் அவருக்கு நினைவில்லை. வேறு யாருக்கும் நினைவில்லை. நான் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கேட்டுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் வண்டி. காவலாளி கொத்துச் சாவியோடு முன் கேட்டிலிருந்து ஓடிவந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். ஆம்புலன்ஸில் வந்த பெண் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு இவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே நின்றாள். பூட்டு திறந்தபோது இருந்த உயிர் ஆஸ்பத்திரி வாசலில் இல்லை.

முன்னாடியே வந்திருந்தாலும் ஒன்றும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்த வாக்கியத்தை இரண்டு பக்கமாகவும் திருப்பிப் பார்த்துவிட்டேன்.

அன்று பக்கத்து வீடு அதுவரை யாரும் பார்க்காத விலைக்குப் போனது. இப்போது அதுதான் கடைசி விலை. என் வீட்டுக்குத் தரகர் போட்டிருப்பதும் அதுதான்.

துக்கம் கேட்க வந்தபோது ஹெட்மாஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இனிமே அப்படி ஆகாது. சாவிக்கெல்லாம் அடையாளம் போடச் சொல்லிட்டேன்” என்றார். நான் தலையாட்டினேன். அப்போது எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

என் வீட்டின் பார்வை நாளன்று தரகர் விடியும்போதே வந்துவிட்டார். பகலிலேயே எல்லா விளக்குகளையும் போட்டார். வாணலியில் கொஞ்சம் காபிப் பொடியைப் போட்டு லேசாகச் சூடாக்கினார். வாசனைக்கு. அவளுடைய படத்தைக் கழற்றி, அந்த ஆணியில் கடிகாரத்தை மாட்டினார். குளியலறைக் குவளையில் என் பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் ஒரு புது பிரஷ், ரோஸ் நிறத்தில்.

“தனி ஆள் வீடுன்னு தெரிஞ்சா அடிமாட்டு விலைக்குக் கேப்பாங்க சார். மேடம் வெளிநாட்டுல வேலையா இருக்காங்க. அவ்ளோதான். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், மறுக்காம இருந்தாப் போதும்.”

அத்தை, அவளுடைய அம்மா, மகளின் சாமான்களைக் கட்டி எடுத்துப்போக வந்து என்னோடு தங்கியிருந்தார். தரகர் கடைசியாக அந்த அட்டைப்பெட்டிகளில் ஒன்றைத் திறந்து, ஒரு ஜோடி செருப்பை எடுத்து வாசலில் வைத்தார். கொஞ்சம் முன்னே பின்னே, இப்போதுதான் கழற்றிவிட்டது போல.

அத்தை பார்த்துக்கொண்டிருந்தார். “அவ இப்படி விடமாட்டா” என்றார். குனிந்து, இரண்டையும் சேர்த்துச் சுவரோரம் தள்ளி வைத்தார்.

“அம்மா, நீங்க கொஞ்ச நேரம் மாடியில...”

“இங்கதான் உக்காந்திருப்பேன்.”

வாங்க வந்தவர் ஒரு பல் டாக்டர், இளம்பெண். கூடவே அவருடைய அப்பா. கணவர் அடுத்த வாரம் பார்ப்பாராம். அப்பா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். இதயத்தில் கோளாறு, அதனால் இனி மகளோடுதான் இருக்கப் போகிறார் என்று தரகர் சொல்லியிருந்தார். கீழ்த்தளத்தில் ஓர் அறை இருப்பது அதற்குத்தான் வசதி. பெரியவர் காரிலிருந்து இறங்கியதும் தெருவை நீளத்துக்குப் பார்த்தார்.

“என்னப்பா இது, ஊரடங்கு மாதிரி இருக்கு. ஆள் இருக்காங்களா, இல்ல பொம்மையா?”

“அமைதியான இடம் சார்” என்றார் தரகர்.

“அமைதிதான். ஹாரன் அடிச்சுப் பாக்கணும்போல கை அரிக்குது.”

அந்தப் பெண் எல்லாவற்றையும் கவனமாகப் பார்த்தார். குழாய்களைத் திறந்து மூடினார். சமையலறையில் என் மனைவி விழுந்த இடத்தில் நின்று, வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்றார். குளியலறையில் கொஞ்சம் அதிக நேரம் இருந்தார். பல் டாக்டர், பிரஷ்ஷைப் பார்க்காமல் இருக்கமாட்டார். பேஸ்ட் படாத பிரஷ் எது என்று அவருக்குத் தெரியாதா? ஒன்றும் கேட்காமல் வெளியே வந்து அத்தையின் எதிரில் உட்கார்ந்தார்.

“இது உங்க பொண்ணு வீடாம்மா?”

“ஆமா.”

“வெளிநாட்டுல இருக்காங்களாமே. எப்ப வருவாங்க?”

தரகர் வாயைத் திறப்பதற்குள் அத்தை பேசினார். “தெரியலம்மா. ஒரு போன் இல்ல, ஒண்ணும் இல்ல. சின்னதுலேந்தே அப்படித்தான். போனா போன இடம்.”

“குளிரான ஊரா?”

“ரொம்பக் குளிரும்.” அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். “ஒரு போர்வை குடுத்துவிட்டிருக்கலாம்னு இப்பத் தோணுது.”

தரகரின் முகம் தெளிந்தது. இவ்வளவு நன்றாக வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அது ஓடிக்கொண்டிருந்தது.

விலைப் பேச்சு வந்தபோது அந்தப் பெண் அதிகம் இழுக்கவில்லை. கடைசி விலை என்ன என்று விசாரித்துக்கொண்டுதான் வந்திருந்தார். கொஞ்சம் யோசிப்பதுபோல இருந்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். முடிந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. இந்தப் பணம் வந்தால் கடனை அடைத்துவிட்டு, கேட்டே இல்லாத ஏதாவது ஒரு தெருவில் ஓர் அறை பார்த்துக்கொள்ளலாம். அந்த நினைப்பு மட்டுமே பல மாதமாக என்னைக் காலையில் எழுப்பிக்கொண்டிருந்தது.

பெரியவர் தொண்டையைக் கனைத்தார்.

“எல்லாம் சரி. எனக்கு ஒண்ணே ஒண்ணு. ராத்திரியில நெஞ்சைப் புடிச்சுச்சுன்னா இங்க வண்டி உள்ள வருமா?”

“அதுக்கென்ன சார்” என்றார் தரகர். “ரெண்டு கேட்டு. பின் கேட்டு இந்த வீட்டுக்கு ரொம்பப் பக்கம். அது ஒரு பெரிய பிளஸ்.”

பெரியவர் தரகரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்க தம்பி. நீங்கதானே இருக்கறவரு.”

மறுக்காமல் இருந்தால் போதும். தலையாட்டினால் போதும். எனக்குத்தான் அது நன்றாக வருமே.

“மாப்ள” என்றார் அத்தை. குரலை உயர்த்தவில்லை. “வாயால சொன்னா அவருக்கு என்ன தெரியும்? கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு வாங்களேன்.”

நான் எழுந்தேன். தரகர் என் முழங்கையைத் தொட்டார். “சார், அந்தப் பக்கம் எதுக்கு சார்...” நான் செருப்பைப் போட்டுக்கொண்டேன். சுவரோரம் இருந்தவை என் காலில் தட்டுப்படாமல்.

பெரியவர் மெதுவாக நடந்தார். அவருக்கு ஈடாக நானும். பின்னால் அந்தப் பெண்ணும் தரகரும். கார் இல்லாத தெரு, துணி இல்லாத மாடிகள், ஜன்னல்களில் விலகி மூடும் திரைகள். என் சட்டைப் பையில் போன் அடித்தது. ஹெட்மாஸ்டர். நின்றது. மறுபடி அடித்தது. எடுத்து அணைத்தேன்.

கேட்டில் பெரிய பூட்டு தொங்கியது. அந்தப் பெண் தரகரைத் திரும்பிப் பார்த்தார்.

“எப்பவும் பூட்டித்தான் இருக்குமா?”

“இல்ல மேடம், இன்னைக்கு மட்டும். உங்களுக்காகத்தான்” என்றார் தரகர்.

நான் காவலாளியைக் கைதட்டிக் கூப்பிட்டேன். முன் கேட்டிலிருந்து வெள்ளைக் கையுறையோடு ஓடிவந்தான். அதே ஆள். என்னைப் பார்த்ததும் ஓட்டம் தளர்ந்தது.

“தொறங்க” என்றேன்.

கொத்தை எடுத்தான். அடையாளம் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு சாவியிலும் ஒரு ஸ்டிக்கர். பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு. எந்த நிறம் எந்தப் பூட்டுக்கு என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பச்சையைப் போட்டான். திரும்பவில்லை. கையுறையைக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டு நீலத்தைப் போட்டான்.

“பரவால்ல, விடுங்க சார்” என்றார் தரகர். “வெயில்ல எதுக்கு? பெரியவருக்கு...”

“இருக்கட்டும்” என்றார் பெரியவர். “தேடட்டும்.”

தெருவின் மறுமுனையில் ஹெட்மாஸ்டர் ஓடிவந்துகொண்டிருந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. அந்தப் பெண் அப்பாவின் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாவிகள் மட்டும் கலகலத்துக்கொண்டிருந்தன. மஞ்சள். மறுபடியும் பச்சை.

பெரியவரால் நிற்க முடியவில்லை. ஒரு கையால் கேட்டைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையைக் கம்பிகளுக்கு நடுவே விட்டு, அந்தப் பக்கத்து வெயிலில் விரல்களை விரித்துப் பார்த்தார்.