பட்டதைச் சொல்லாதவர்

இது நடந்தது ஐம்பத்து மூன்றிலா ஐம்பத்து நான்கிலா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அன்று காலை மழை பெய்ததாக என் ஞாபகம். அங்கே இருந்த மற்றவர்கள் வெயில் என்கிறார்கள். சொல்லிச் சொல்லி நானே சில வார்த்தைகளைச் சேர்த்துவிட்டிருக்கலாம். ஆனால் எவரிஸ்தோ பிராந்தா ஐம்பத்திரண்டு வயதில் வாள்பயிற்சிச் சங்கத்தில் சேர்ந்ததையும் சேர்ந்த காரணத்தையும் சான் ஃபெலிசியானோவில் யாரும் மறக்கவில்லை.

எவரிஸ்தோ மருந்துக்கடைக்காரர். ஞாயிறுதோறும் உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு பத்தி எழுதுவார். மருந்து விற்பது பிழைப்புக்கு, எழுதுவது உருகுவேயைத் திருத்துவதற்கு. ஒரு ஞாயிறு, நகரசபை உறுப்பினர் லாராபுரு போட்ட தார்ச்சாலை அவர் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது என்று எழுதினார். 'நாய் மட்டுமல்ல, தாரும் எஜமான் வாசலில்தான் படுக்கிறது' என்று முடித்திருந்தார். அந்த வரியைத் தானே மூன்று முறை வாசித்து ரசித்தார்.

செவ்வாயன்று லாராபுருவின் சார்பில் இரண்டு பேர் கறுப்புக் கோட்டில் கடைக்கு வந்து, வார்த்தையைத் திரும்பப் பெறுகிறீர்களா, வாளை எடுக்கிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டார்கள். இருமல் மருந்துக்கு ஆறு பேர் நின்றிருந்தார்கள். ஆறு பேர் முன்னால் எவரிஸ்தோவுக்கு 'வாள்' என்ற ஒரே ஒரு பதில்தான் வாயில் வந்தது.

அந்தக் காலத்து உருகுவே சட்டத்தில் வாள்சண்டைக்கு இடம் உண்டு. ஆனால் முதலில் மூன்று பெரிய மனிதர்கள் கௌரவ மன்றமாக உட்கார்ந்து, அவமானம் நடந்ததா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். நடக்கவில்லை என்று சொல்லி இருவரையும் கைகுலுக்க வைத்து அனுப்புவதுதான் வழக்கம். அதை நம்பித்தான் எவரிஸ்தோ வீறாப்பாக இருந்தார். எங்கள் ஊரில் முப்பது வருஷமாக வாள்சண்டையே நடக்கவில்லை, ஊர் ஒன்றைப் பார்க்க ஏங்கிக் கிடந்தது என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. மூவரும் மத்தியானம் முழுக்க மாத்தே என்ற மூலிகைத் தேநீரை உறிஞ்சி யோசித்தார்கள். பிறகு, பயங்கரமான அவமானம் நடந்திருக்கிறது என்றார்கள். சண்டைக்கு இருபது நாள் கெடு. யாருக்காவது ரத்தம் வந்தால் சண்டை முடிந்தது.

ஊரில் வாள் பிடிக்கச் சொல்லித்தரத் தெரிந்தவள் எல்விரா தெல்லாபியானே ஒருத்திதான். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி டீச்சர், முப்பத்து நாலு வயது. இத்தாலியர் சங்கத்து மாடியில் சாயங்காலங்களில் வாள்பயிற்சி நடத்தினாள். சேர்க்கைப் பதிவேட்டில் 'நோக்கம்' என்ற கட்டத்தில் எவரிஸ்தோ 'உடல்நலம்' என்று எழுதினார். மேல்வரியில் லாராபுருவின் பெயர், மை காய்ந்தும் காயாமலும். நோக்கம்: உடல்நலம்.

"அவருக்குத் திங்கள், புதன், வெள்ளி," என்றாள் எல்விரா. "உங்களுக்கு மத்த மூணு நாள்."

"அவருக்கு என்ன சொல்லித்தர்றீங்க டீச்சர்?"

"உங்களுக்கு என்ன சொல்லித்தரப் போறேன்னு அவரும் கேட்டாரு. ரெண்டு பேருக்கும் ஒரே பாடம்தான், தோன் எவரிஸ்தோ. கையை நீட்டி வெச்சுக்கிட்டு பின்னால போறது."

"குத்துறது?"

"இருபது நாள்ல குத்தச் சொல்லித்தர முடியாது. குத்து வாங்காம இருக்க வேணா சொல்லித்தரலாம். அதுக்கும் முன்னாடி முதல் பாடம் ஒண்ணு இருக்கு."

எதிராளியின் வாள்முனை உடம்பில் பட்டால், பட்டவரே இடது கையைத் தூக்கி 'பட்டது' என்று சொல்ல வேண்டும். குத்தியவர் வாய் திறக்கக் கூடாது. பட்டதைச் சொல்லும் மின்கருவியெல்லாம் தலைநகர் மோன்தெவிதேயோவில் இருந்தது. எங்கள் மாடியில் மனசாட்சி மட்டும்தான்.

அவருக்கு ஜோடியாக நின்றது பல் வைத்தியரின் விதவை தோன்யா குளோதில்தே. அறுபது வயது. மூட்டுவலிக்காகச் சேர்ந்தவள். முதல் நாளே அவளுடைய மழுங்கிய பயிற்சி வாள் எவரிஸ்தோவின் மார்பில் பட்டு வளைந்து நின்றது. அவர் கை எழவில்லை.

"என்ன, படலையா?" என்றாள் எல்விரா.

"உரசின மாதிரி இருந்துச்சு."

அடுத்தது தோளில். அது சட்டை மடிப்பாம். அதற்கடுத்தது வயிற்றில். தான் மூச்சை உள்ளே இழுத்துவிட்டதால் அது சேராது என்றார்.

"ஒம்பது வாட்டி செத்தாச்சு," என்றாள் தோன்யா குளோதில்தே, முகமூடியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே. "மனுசன் இன்னும் வழக்காடிக்கிட்டு நிக்கிறாரு. என் புருசன் ஒரே வாட்டியில போய்ச் சேர்ந்தாரு, பாவம்."

பதினோராம் நாள் பயிற்சி முடிந்து, அதுவரை போகாத வழியில் வீட்டுக்கு நடந்தார். லாராபுருவின் தெரு. தார் அவர் வாசலில் நிற்கவில்லை. வாசலைத் தாண்டி, திருப்பத்தைத் தாண்டி, பிரசவ ஆஸ்பத்திரியின் படிக்கட்டு வரை போயிருந்தது. எவரிஸ்தோ அந்த முனையில் வெகுநேரம் நின்றார். ஷூ நுனியால் தாரைத் தட்டிப் பார்த்தார். எழுதுவதற்கு முன் ஒரு நடை வந்து பார்த்திருக்கலாம். அன்றைக்கு வாக்கியம் அவ்வளவு அழகாக வந்துவிட்டது, பார்க்கத் தோன்றவில்லை.

வீட்டில் மனைவி ஹெர்மினியா சூப்பை வைத்தாள். ஆறும்வரை அவர் தொடவில்லை.

"அந்த ரோடு ஆஸ்பத்திரி வரைக்கும் போகுது," என்றார் கடைசியில்.

"தெரியும் கிழவா."

"எப்பலேருந்து?"

"நீ எழுதினப்பவே. ஊருக்கே தெரியும். மன்றத்துல உக்காந்த மூணு பேருக்கும் தெரியும்."

"ஏன் யாரும் சொல்லல?"

"நீ கேட்டியா? இப்பயும் ஒண்ணும் கெட்டுப்போகல. தப்பா எழுதிட்டேன்னு ஒரு வரி போடு. வேலை முடிஞ்சுது."

அவர் காகிதமும் பேனாவும் எடுத்து வந்தார். 'தப்பு' என்று எழுதி, அடித்து, 'அச்சுப்பிழை' என்று எழுதினார். அதையும் அடித்தார். அச்சுப்பிழையால் எந்தச் சாலையும் குட்டையாகாது என்று அவருக்கே தெரிந்தது. ஒரு வரி எழுதினால் உயிருக்குப் பயம் இல்லை. எழுதாவிட்டால் குடல் சரியலாம். ஒரு மணி நேரம் அந்த இரண்டையும் எடை போட்டார். பிறகு காகிதத்தைக் கசக்கிப்போட்டார். குடலைவிட அந்த ஒரு வரி அவருக்குக் கனமாக இருந்தது.

சண்டை குதிரைப் பந்தயத் திடலில், காலை எட்டு மணிக்கு. ரகசியம் என்பதால் ஊர் முழுக்க வந்திருந்தது. பெண்களைத் திடலுக்குள் விடவில்லை; இருவருக்கும் வாள் சொல்லிக்கொடுத்த எல்விராவும் வேலிக்கு வெளியேதான் நின்றாள். 'தொடங்கலாம்' என்றதும் இருவரும் கற்ற பாடத்தை அப்படியே செய்தார்கள். கையை நீட்டிக்கொண்டு பின்னால் போனார்கள். பதினைந்து அடி இடைவெளியில் இரண்டு பெரிய மனிதர்கள் காற்றைப் பார்த்து வாளை ஆட்டினார்கள். நடுவர் இருவரையும் நடுவுக்கு இழுத்து வந்தார். மறுபடியும் பின்னால் போனார்கள்.

"டீச்சர், நல்லாத்தான் கத்துக் குடுத்திருக்கீங்க," என்றாள் வேலியோரம் பக்கத்தில் நின்ற தோன்யா குளோதில்தே.

நாலாவது முறை இழுத்து வந்தபோது லாராபுரு தும்மினார். தும்மலில் அவர் வாள்முனை முன்னே வந்து எவரிஸ்தோவின் இடது தொடையில் இறங்கி வெளியே வந்தது. கறுப்புக் கால்சட்டை. திடலுக்குள் இருந்த யாரும் பார்க்கவில்லை, குத்திய லாராபுருவும் கண்ணை மூடியிருந்தார். கணுக்காலுக்குச் சூடாக ஏதோ இறங்குவது எவரிஸ்தோவுக்குத் தெரிந்தது. கையைத் தூக்கினால் எல்லாம் முடிந்துவிடும். இடது கை இடுப்பு வரை எழுந்தது. அங்கேயே நின்று கோட்டுப் பொத்தானைச் சரிசெய்தது.

அவர் கை அசைந்ததைப் பார்த்து மிரண்ட லாராபுரு வேகமாகப் பின்வாங்கி, ஒரு குழியில் கால் மாட்டி, மல்லாந்து விழுந்தார். கணுக்கால் முறிந்தது. எழுந்து சண்டை போட முடியாது என்றார் சண்டைக்கு வந்திருந்த வைத்தியர். நின்றுகொண்டிருந்தவர் எவரிஸ்தோ மட்டும்தான், அதனால் அவர் ஜெயித்தவரானார்.

செவ்வாய்க்கிழமை, கால் லேசாக இழுக்க, அவர் மாடியேறி வந்தார். சங்கத்தில் பயின்ற வங்கி எழுத்தர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். எல்விரா தட்டவில்லை.

"இடது தொடை," என்றாள் அவருக்கு மட்டும் கேட்கும்படி. "நாலாவது வாட்டி."

எவரிஸ்தோ சன்னலைப் பார்த்தார். அவள் காத்திருந்தாள்.

"உரசின மாதிரி இருந்துச்சு," என்றார்.

அவள் பதிவேட்டைத் திறந்து அவர் பெயரின் மேல் ஒரு கோடு போட்டாள். "முதல் பாடம் முடிக்காதவங்களுக்கு ரெண்டாவது பாடம் கிடையாது, தோன் எவரிஸ்தோ. பாத்து இறங்குங்க. படி செங்குத்து."

லாராபுரு கணுக்கால் கூடியதும் சங்கத்துக்குத் திரும்பி, சாகும்வரை அங்கேயே பயின்றார். யார் குத்தினாலும் சந்தோஷமாகக் கையைத் தூக்குவார். தோன்யா குளோதில்தே எழுபத்தொன்றாம் வயதில் நிமோனியாவில் இறந்தாள். எல்விரா வேலை மாற்றலாகி சால்தோ நகருக்குப் போய், அங்கே ஒரு சங்கம் தொடங்கினாள். ஹெர்மினியா அந்தக் கால்சட்டையைத் தைத்துக் கொடுத்தாள்; ஒன்றும் கேட்கவில்லை. எவரிஸ்தோவை அடுத்த வருஷமே கௌரவ மன்றத்துக்குத் தலைவராக்கினார்கள். பதினாலு வருஷம் அதில் உட்கார்ந்து அடுத்தவர்களின் அவமானத்துக்குத் தீர்ப்புச் சொன்னார்.