எக்ஸ் என்று வைத்துக்கொள்வோம்

எங்கள் ஊரில் அம்மாக்களின் ஜெபம் சொட்டுச் சொட்டாகக் குடத்தில் இறங்கும். மகளின் பிரசவத்துக்கு முன்னால் அதை ஆஸ்பத்திரியில் ஒப்படைக்க வேண்டும். சுத்தம் ஐம்பது சதவீதத்துக்குக் குறைந்தால் வாங்க மாட்டார்கள்.

என் மகள் பியூலாவுக்கு வெள்ளிக்கிழமை தேதி கொடுத்திருந்தார்கள். ஒன்பது மாதம் முழங்காலில் நின்று பத்து லிட்டர் சேர்த்திருந்தேன். புதன்கிழமை பால்காரரிடம் லாக்டோமீட்டரை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தால் முப்பதுதான் காட்டியது. அதைக் குறை சொல்ல முடியாது. "ஆண்டவரே, பியூலாவை" என்று ஆரம்பித்தால், புளி ஊறப்போட்டேனா என்பது நடுவில் வந்துவிடும். கோயிலில் முன்வரிசைக்காரி கட்டியிருந்த சேலையும் கொஞ்சம் கரைந்திருக்கும். ஆமென் மட்டும்தான் கெட்டி.

பக்கத்து வீட்டு ஞானசெல்வம் அக்காவின் ஜெபம் தொண்ணூறு. காணாமல் போன கறுப்புக் கோழியைத் தவிர அவளுக்கு வேறு வேண்டுதல் கிடையாது.

"பியூலாவுக்குத்தான, எடுத்துக்கோ. ஆனா எத்தனை லிட்டர்னு சரியாச் சொல்லிரு. கூடுதலா எடுத்தேன்னா எங் கோழி வராது" என்றாள்.

நான் எட்டாவது வரைதான் படித்தேன். இந்தக் கணக்கு நடத்திய வாரம் எனக்குப் பொன்னுக்கு வீங்கி. மதுரையில் கணக்கு வாத்தியாராக இருக்கும் மகன் கிளாட்வினுக்குப் போன் போட்டேன்.

"எம்மா, வேண்டிய லிட்டர எக்ஸ்னு வச்சுக்குவோம்" என்றான்.

"எங்கல வைக்க?"

"எங்கயாவது வைங்கம்மா. எனக்குப் பெல் அடிச்சாச்சு."

கூடத்தில் பாயை விரித்தேன். எக்ஸ் வந்து உட்கார்ந்தார். மதிப்புத் தெரியாத ஆள் என்பதால் மரியாதையாகவே பேசினேன். இட்லி வைத்தேன்.

இடைவேளையில் கிளாட்வின் கூப்பிட்டு மீதியைச் சொன்னான். அடுப்படி இடது பக்கம், கூடம் வலது பக்கம், நடுவில் நிலைப்படிதான் சமக்குறி. அடுப்படியில் என்னுடைய மூன்று லிட்டர் சுத்த ஜெபமும், எக்ஸில் பத்தில் ஒன்பது பங்கும். கூடத்தில் பத்து லிட்டரில் பாதியாக ஐந்து லிட்டரும், எக்ஸிலும் பாதியாகப் பத்தில் ஐந்து பங்கும். எக்ஸ் முகம் சுளிக்காமல் அப்படியே பிரிந்து உட்கார்ந்தார்.

"கூடத்துல இருக்கிறவர அடுப்படிக்குக் கொண்டு போங்க. பக்கம் மாறினா குறி மாறும், பாத்துக்கோங்க."

கொண்டுபோனேன். கூடத்தில் சாப்பிட்ட இரண்டு இட்லியும் அடுப்படிக்கு வந்ததும் தட்டுக்குத் திரும்பிவிட்டன. அடுப்படியில் பத்தில் நாலு பங்கு எக்ஸ் மிஞ்சினார். என் மூன்று லிட்டரைக் கூடத்துக்குத் தூக்கிப்போனேன். அங்கிருந்த ஐந்து, இரண்டானது. பத்தில் நாலு பங்குக்கு இரண்டு லிட்டர் என்றால், முழு ஆளுக்கு ஐந்து.

விடை தெரிந்ததும் எக்ஸ் ஐந்து பேரானார். ஆளுக்கொரு செம்பை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய், ஆளுக்கு ஒரு லிட்டர் கொண்டுவந்து என் குடத்தில் ஊற்றினார்கள். லாக்டோமீட்டர் ஐம்பதில் நின்றது. நான் மறுபடியும் இட்லிக்கு ஊற்றினேன்.

வியாழக்கிழமை குடத்தை ஒப்படைத்தேன். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நர்ஸ் கதவைத் திறந்து, "ரெட்டையாம்மா?" என்று கேட்டாள்.

"கலவைங்க" என்றேன்.

குடத்தில் என்னுடையது மூன்று, அக்காவுடையது நாலரை. அதனால் கறுப்புக் கோழிதான் முதலில் வந்திருந்தது. நாலு நிமிடம் கழித்து என் பேத்தி. பியூலா சுகமாக இருந்தாள். அக்காவுக்குப் போன் போட்டேன்.

"வந்துட்டாளா?" என்றாள். "பத்து நாள் அங்கயே இருக்கட்டும். பச்சை உடம்பு."

கையெழுத்துப் போட்டு இரண்டு பேரையும் வாங்கிக்கொண்டேன். பெரியவளுக்கு அப்படியே என் ஜாடை என்கிறாள் பியூலா.