பொத்தானின் மேல் விரல்

அந்தப் பொத்தானை அழுத்தினால் நாடு முழுக்கச் சத்தம் நின்றுவிடும். நடிகர் வசனத்தை மறந்தால் நான் அழுத்துவேன், விட்ட வரியை எடுத்துக்கொடுப்பேன், விரலை எடுப்பேன். வீட்டில் பார்ப்பவர்கள் தங்கள் பெட்டியில்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்வார்கள். நியூ ஜெர்சியில் என் அப்பா எழுந்துபோய்ப் பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டுவார். சத்தம் வந்ததும் தன் கைராசி என்பார். 1953இல், நியூயார்க்கில், நேரலை டெலிவிஷன் நாடகங்களில் எனக்கு அதுதான் வேலை.

அந்த வார நாடகத்தில் தாயாக நடித்தவள் வில்மா ட்ராஸ்க். முப்பது வருடம் மேடையில் நின்றவள். ஒன்பது மாதமாக யாரும் கூப்பிடவில்லை. போரிலிருந்து திரும்பிய மகனுக்குச் சூப் ஊற்றிவிட்டு, "உன் ரூமைப் பூட்டவே இல்லப்பா" என்று சொல்ல வேண்டும். ஒத்திகையில் இரண்டு முறையும் வரி வராமல் அங்கேயே நின்றுபோனாள்.

நாடகத்துக்குப் பணம் போடும் சூப் கம்பெனியின் ஆள் கெஸ்லர் என் பின்னால் வந்து நின்றார்.

"இதோ பாரும்மா ரோஸ்லின். அந்தம்மாவுக்காக ஒரு தடவை நீ பொத்தானைத் தொட்டாலும், இனி அவங்க இங்க கிடையாது. சூப் விக்க வந்தோம், ஜனங்க பெட்டியைத் தட்டறதுக்கில்ல."

வில்மாவுக்குக் கேட்டுவிட்டது. "எங்க வீட்டுக்காரருக்குக் கடைசிவரைக்கும் நான்தான் சூப் ஆத்திக் கொடுத்தேன், மிஸ்டர் கெஸ்லர். உங்க சூப்பையும் பாத்துக்கறேன்."

நேரலையில், அதே இடத்தில் நின்றாள்.

என் விரல் பொத்தானின் மேல் பதிந்தது; இன்னும் அழுத்தவில்லை. காமிராவுக்கு மேலாக அவள் என்னைப் பார்த்தாள். தலை இம்மியளவு அசைந்தது: வேண்டாம். பிறகு கிண்ணத்தை எடுத்தாள். ஊதினாள். மேலாகக் கரண்டியால் ஒதுக்கி, மறுபடி ஊதினாள். மகனாக நடித்தவன் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தான். போரிலிருந்து வந்தவன் போலவே. பதினான்கு விநாடி. கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தி, வரியைச் சொன்னாள்.

பக்கத்து அரங்கில் விளம்பரக்காரர் சூப் டப்பாவைத் தூக்கிக் காட்டத் தொடங்கியதும் கெஸ்லர் குனிந்தார்.

"அவங்க ஊதினது வசனப் புத்தகத்துல இருக்கா? காட்டு."

"கொஞ்சம் இருங்க, பக்கத்தைத் தேடறேன்." முதுகைத் திருப்பிக்கொண்டு, பென்சிலால் ஓரத்தில் எழுதினேன்: சூப்பை ஆற்றுகிறாள். நீட்டினேன்.

அவர் படித்தார். என் பென்சிலைப் பார்த்தார். "நல்லாத்தான் எழுதியிருக்காங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாம் முடிந்து, ஆட்கள் அந்த நாடக வீட்டின் சுவர்களைக் கழற்றித் தூக்கிப்போய்க்கொண்டிருந்தார்கள். வில்மா மட்டும் மேஜையை விட்டு எழவில்லை. நான் அருகே போனேன்.

"கண்ணு," என்றாள், என் கையைப் பிடித்து. "ரூமைப் பத்தி ஒரு வரி உண்டே. சொன்னேனா?"

என் விரல் நுனியில் பொத்தானின் வட்டம் இன்னும் சிவப்பாக இருந்தது. அவள் முன்னால், கிண்ணத்தில், சூப் ஆறி ஏடு கட்டியிருந்தது.