கடல் வினிகர் இல்லை

ஏழாம் வகுப்பு அறிவியல் டீச்சருக்குப் பேச்சில் தடுமாற்றம் என்பதே கிடையாது. கடைசி பெஞ்சில் தூங்கி வழிபவன் காதிலும் போய் விழுகிற குரல். கடல்நீர் அமிலமாதல் பாடம் வந்துவிட்டால் இன்னும் குஷியாகிவிடுவார். கண்ணாடி டம்ளரில் வினிகரை ஊற்றிச் சிப்பி ஓடு ஒன்றை உள்ளே போடுவார். குமிழ் குமிழாக நுரை கிளம்பும். பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறி எட்டிப் பார்ப்பார்கள். கடலுக்குள் நடப்பது இதுதான் என்று முடித்துக் கையைத் தட்டிக்கொள்வார். வருஷா வருஷம் வகுப்பும் சேர்ந்து கைதட்டும்.

இந்த வருஷம் அவருடைய மகளே அந்த வகுப்பில் இருந்தாள். பள்ளியில் டீச்சர், வீட்டில் அம்மா என்பது இருவருக்குள்ளும் இருந்த ஒப்பந்தம். நுரை அடங்கியதும் அவள் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், கடல் வினிகர் இல்லையே. கடல் தண்ணியில என்ன ஆகும்னு நீங்க காட்டவே இல்லையே?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சரும் சிரித்தார். கேள்வி சரியான கேள்வி, பதிலோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போனார்.

ஆசிரியர் அறையில் உட்கார்ந்தபோதுதான் அது உறுத்தியது. கடல் நீர் இன்னும் காரத்தன்மையோடுதான் இருக்கிறது. அந்தக் காரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, அமிலத்தின் பக்கம் நகர்ந்து வருவதைத்தான் அமிலமாதல் என்கிறார்கள். அவருக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் நுரையைப் பார்த்த பிள்ளைகள் கடலே வினிகராகிவிட்டது என்றல்லவா நினைத்துக்கொண்டு போவார்கள்? இனி வினிகர் வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்தார்.

கணவர் துறைமுகத்தில் மீன் வைக்கும் குளிர்சாதனக் கிடங்குகளில் மெக்கானிக். ஒரு கேன் கடல் தண்ணீர் வேண்டும் என்று போனில் சொன்னதும், குழாய்த் தண்ணீரையே மாடிக்குத் தூக்க ஆளில்லை என்று அலுத்துக்கொண்டார். ஆனாலும் சாயங்காலம் கேனைத் தோளில் சுமந்து வந்து சமையலறையில் இறக்கினார்.

அடுப்பில் ஊதா முட்டைகோஸ் வெந்துகொண்டிருந்தது. அது சாப்பாட்டுக்கு இல்லை என்று தெரிந்ததும் அவர் முகம் தொங்கிப்போனது. அந்த முட்டைகோஸ் சாறு அமிலத்தில் சிவக்கும், காரத்தில் நீலமாகும். ஒரு டம்ளரில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் கடல் தண்ணீர் எடுத்து, இரண்டிலும் சாற்றைக் கலந்தார்கள். நாம் விடும் மூச்சில் இருக்கும் கரியமில வாயு தண்ணீரில் கரைந்தால் லேசான அமிலம் உண்டாகும். மகள் உறிஞ்சுகுழலை வைத்து ஊதினாள். குழாய்த் தண்ணீர் சீக்கிரமே சிவப்போடிய ஊதாவுக்கு மாறியது. கடல் தண்ணீர் அப்படியே நீலமாக நின்றது.

"பாத்தியாம்மா? கடலுக்கு ஒண்ணும் ஆகல," என்றாள் மகள்.

"கடல் தண்ணியில கரைஞ்சிருக்கிற சில உப்புங்க தாக்குப்பிடிக்குது. அதுக்காக என்னைக்கும் பிடிச்சுக்கிட்டே இருக்கும்னு அர்த்தமில்ல. ஊது."

மகள் களைத்தபோது அம்மா ஊதினார், அம்மா களைத்தபோது அப்பா. கிடங்கில் பகல் முழுக்கக் கம்ப்ரெஸரோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, வீட்டில் தானே கம்ப்ரெஸராகிவிட்டதாக அவர் புலம்பினார். தண்ணீரில் மெல்ல ஊதா ஏறியதும் புலம்பலை நிறுத்திவிட்டு முதலில் கத்தியவரும் அவர்தான்.

அந்த வாரம் பெற்றோர் பள்ளிக்கு வந்து வகுப்புகளைப் பார்க்கும் நாள் இருந்தது. தலைமையாசிரியர் வழக்கமான வினிகர் சோதனையையே செய்யச் சொன்னார். பெற்றோருக்குக் கண்ணுக்கு நிறைவாக ஏதாவது வேண்டும் என்பது அவர் எண்ணம்.

"அது கடல் இல்ல சார். நான் கடல் தண்ணியையே காட்டப் போறேன்."

"எல்லார் முன்னாடியும் நிறம் மாறலேன்னா?"

"மாறும் சார். மாறுற வரைக்கும் ஊதுவோம்."

அவர் அரை மனதோடு தலையசைத்தார்.

அன்று பெற்றோர் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு உறிஞ்சுகுழல். உறிஞ்சக் கூடாது, ஊத மட்டும்தான் வேண்டும், தலை சுற்றினால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்று டீச்சர் மறுபடி மறுபடி சொன்னார். குழாய்த் தண்ணீர் சட்டென்று மாறியது. கடல் தண்ணீர் அசையவில்லை. ஆள் மாற்றி ஆள் ஊதியும் நீலம் நீலமாகவே இருந்தது. சிலர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார்.

ஒரு பையனின் அப்பா பொறுமையிழந்து கேட்டார்: "அப்ப கடலுக்கு ஒண்ணும் ஆகாதுன்னுதானே அர்த்தம்?"

டீச்சர் வகுப்பின் பக்கம் திரும்பினார். மகள் குழலிலிருந்து வாயை எடுத்தாள்.

"ஊதுறத நிறுத்தினாத்தான் ஒண்ணும் ஆகாது அங்கிள். இங்க யாரும் நிறுத்தப் போறதில்லையே."

அடுத்து வந்தவன் கொட்டாவி. எந்தப் பாடத்திலும் வாயைப் பிளப்பதால் வந்த பெயர். நீச்சல் பழகுகிறவன், நல்ல தம் உள்ளவன். நிதானமாக, நிறுத்தி நிறுத்தி ஊதினான். நீலம் கலங்கி, ஊதா ஏறியது. நுரை இல்லை, சத்தம் இல்லை. ஊதாமல் விட்ட கடல் தண்ணீரை டீச்சர் பக்கத்தில் கொண்டுவந்து வைத்ததும் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. போன்கள் பைக்குள் போயின.

தாங்கள் டம்ளரில் ஊதியது ரொம்ப அதிகம், கடலில் இவ்வளவு வேகமாக நடக்காது என்று டீச்சர் முதலிலேயே சொல்லிவிட்டார். சிப்பி, ஓடு கட்டத் தேவையான பொருளைக் கடல் தண்ணீரிலிருந்துதான் எடுக்கிறது. கரியமில வாயு கூடக் கூட அந்தப் பொருள் குறைகிறது. வீடு கட்டுகிறவனின் செங்கலில் பாதியை யாரோ அள்ளிக்கொண்டு போன மாதிரி. குஞ்சுச் சிப்பிகள்தான் அதிகம் தவிக்கும்.

கொட்டாவிக்கு ஒரு பயம் வந்துவிட்டது. "டீச்சர், அப்ப நாம மூச்சு விடுறதாலதான் கடல் கெடுதா?"

"இல்லப்பா, நீ தாராளமா மூச்சு விடு. செடி காத்துல இருந்து எடுத்தது நம்ம சாப்பாட்டு வழியா வந்து, மூச்சுல திரும்பிப் போகுது. கணக்கு நேராயிடும். பூமிக்கடியில கெடந்த எண்ணெயையும் நிலக்கரியையும் எடுத்து எரிக்கிறோம் பாரு, அந்தப் புகைதான் புதுசா வந்து சேருது."

கேள்வி கேட்ட அப்பா இப்போது சமாதானமாக, கடல் அமிலமாகிவிட்டதா இல்லையா என்று மட்டும் கேட்டார். இன்னும் இல்லை, ஆனால் அந்தப் பக்கம் நகர்கிறது என்று வகுப்பே பதில் சொன்னது. வினிகர் என்ற வார்த்தை யார் வாயிலும் வரவில்லை. டீச்சருக்கு அந்த ஒரு பதில் போதுமாக இருந்தது.

பெற்றோர் கலைந்த பிறகு தலைமையாசிரியர் புதுக் குழல் ஒன்றைக் கேட்டு வாங்கி, முகம் சிவக்கும்வரை ஊதிப் பார்த்தார். அடுத்த வாரம் மற்ற இரண்டு பிரிவுகளுக்கும் இதே பாடத்தை நடத்த முடியுமா என்று கேட்டார். டீச்சர் அதற்கு ஏற்கெனவே நேரம் ஒதுக்கி வைத்திருந்தார்.

பள்ளி வாசலைத் தாண்டியதும் டீச்சர் அம்மாவாகிவிட்டார். எப்படி இருந்தது என்று கேட்டார்.

"நல்லா இருந்துச்சும்மா. ஆனா ஓடு கட்டக் கஷ்டப்படுதுன்னு சொன்னியே, அத நாங்க யாரும் பாக்கலையே."

அம்மா நின்று அவளை ஏற இறங்கப் பார்த்தார். இவளை வகுப்பில் வைத்துக்கொண்டு வருஷத்தை ஓட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை என்று தோன்றியது. அதில் ஒரு சந்தோஷமும் இருந்தது.

"அதுக்கு மாசக்கணக்கா சிப்பி வளர்த்துப் பாக்கணும். பரீட்சை முடியட்டும், ஒரு தொட்டி வாங்குவோம்."

"ஒண்ணு போதாது, ரெண்டு. ஒண்ணுல மட்டும் வாயு விடணும். அப்பத்தான் ஒப்பிட்டுப் பாக்க முடியும்."

"சரி, ரெண்டு," என்றார் அம்மா. தொட்டிகளை வீட்டில் எங்கே வைப்பது என்று பேசிக்கொண்டே இருவரும் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள்.