டெரிலின் நெற்றியில் வியர்வை

இடைவேளைக்கு விசில் ஊதியபோதுதான் டெரிலின் நெற்றியைக் கவனித்தேன். வியர்வை முத்து முத்தாக நின்றது.  

வேறு ஆட்டத்தில் யாருக்காவது வியர்த்திருந்தால் துண்டை எடுத்து நீட்டியிருப்பேன். எங்கள் அணியில் அத்தனை பேரும் கழுத்து முறிந்தவர்கள். சக்கர நாற்காலியில் ஒருவரையொருவர் மோதிக்கொண்டு பந்தைக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோகிற ஆட்டம் எங்களுடையது. என்னதான் ஆடினாலும் எங்களுக்கு வியர்க்காது. இதயம் வேகமெடுக்காது, ரத்த அழுத்தம் ஏறாது. அதற்கு மூளை இடுகிற உத்தரவெல்லாம் கழுத்தோடு நின்றுவிடும். உடம்பு சூடேறினால் பயிற்சியாளர் மார்னி எங்கள் முகத்தில் தண்ணீர் பீய்ச்சித்தான் ஆற்றுவாள். அப்படிப்பட்டவனுக்கு வியர்த்தால் கீழே, அவனுக்கு உணர்வில்லாத இடத்தில், ஏதோ நோகிறது என்று அர்த்தம். தானாகவும் நேரும்தான். ஆனால் டெரிலை எனக்குத் தெரியும்.

வேண்டுமென்றே நோவு உண்டாக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றுவதை 'ஏத்திக்கிறது' என்போம். ஒருவன் கால்விரலை மடக்கிக் கட்டிக்கொள்வான். பலர் சிறுநீர்க் குழாயைக் கிளிப் போட்டு அடைப்பார்கள். சிறுநீர்ப்பை வீங்க வீங்க உடம்பு அலறும். அந்த அலறல் மூளைக்குக் கேட்காது, ரத்த அழுத்தம் மட்டும் கிடுகிடுவென்று ஏறும். கைகளில் புதுத் தெம்பு வரும். தலையில் ரத்தக் குழாய் வெடித்துச் செத்தவர்களும் உண்டு. அதனால்தான் ஆட்டத்துக்கு முன் மருத்துவர் எல்லோருக்கும் அழுத்தம் பார்க்கிறார். கெட்டிக்காரர்கள் அவர் பார்த்து முடித்த பிறகு கிளிப் போடுகிறார்கள்.

எனக்கு அந்தக் கூத்து தேவையில்லை. போன வசந்தத்தில் என் முதுகுத்தண்டின் மேல் மின்கம்பி பதித்து, இடுப்புத் தோலுக்கடியில் பேட்டரி வைத்தார்கள். அதற்கு முன் அம்மா செய்த பெரோகிக் கொழுக்கட்டையை நான்கு விழுங்கினால் அழுத்தம் இறங்கிக் கண் இருட்டித் தட்டிலேயே விழுவேன். இப்போது ரிமோட்டில் பட்டனை அமுக்கினால் அந்த மின்சாரம் கீழே தூங்கிக்கொண்டிருந்த நரம்புகளைத் தட்டி எழுப்பிவிடுகிறது. அழுத்தம் நிலையாக நிற்கிறது. எதுவரை ஏறலாம் என்று மருத்துவர் வரம்பு கட்டியிருக்கிறார். போட்டி நடத்தும் குழுவும் சோதித்து அனுமதி கொடுத்துவிட்டது. எல்லோரும் எப்போது நடப்பாய் என்று கேட்டு உயிரை வாங்குகிறார்கள். மயங்காமல் சாப்பிடுவதன் அருமை அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது? ஆட்டத்திலும் வேகம் வந்துவிட்டது. குளிர்காலம் பிறந்ததும் மார்னி டெரிலை எடுத்துவிட்டு அவன் இடத்தில் என்னைப் போட்டாள்.  அன்று இறுதிப் போட்டி. ஒருவனுக்கு உடம்பு சரியில்லாமல் போனதால்தான் டெரிலுக்கும் இடம் கிடைத்தது.

கண்ணைக் காட்டி அவனை நடைவழிக்கு அழைத்துப் போனேன். கதவிடுக்கில் வின்னிபெக் நகரத்தின் பிப்ரவரிக் குளிர்காற்று ஊளையிட்டது. அவன் முகம் செக்கச்செவேல் என்றிருந்தது, கையில் மயிர் குத்திட்டு நின்றது. தலை வலிக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் என்றான். கொஞ்சம் என்று சொல்லும்போதே கண்ணை இறுக்கிக்கொண்டான்.

"கிளிப்ப எடு டெரில்."

"ஆட்டம் முடியட்டும். முதல் பாதியில எப்படி ஆடுனேன், பாத்தீல்ல?"

பார்த்தேன். பிரமாதமாகத்தான் ஆடினான். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"செத்துப்போவடா."

"நீ பட்டனை அமுக்குற, நான் குழாயை அடைக்கிறேன். நீ செஞ்சா வைத்தியம், நான் செஞ்சா குத்தமா?"

எனக்கு வரம்பு கட்டியிருக்கிறது, உனக்கு மண்டை வெடிப்பதுதான் வரம்பு என்றேன். அந்த மருத்துவரிடம் நீயும் போயிருக்கலாமே என்றும் சேர்த்துச் சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "போனேன். நீ போன அதே வாரம். எனக்கு அந்த இடமே தழும்பாகி ஒட்டிக்கிடக்குதாம், கம்பி வைக்க முடியாதாம். நீ கம்பி வெச்சுக்கிட்டதுக்கு உன் வீட்டுல விருந்து கொடுத்தியே, அன்னைக்குக் காலையிலதான் சொன்னாங்க."

அந்த விருந்துக்கு அவன் ஒரு பெரிய சாசேஜ் இறைச்சி வளையத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். நான் ராத்திரி முழுக்க ரிமோட்டைத் தூக்கிக் காட்டிப் பீற்றிக்கொண்டேன். அழுத்தம் ஏறுவதைக் காட்டி, பாருடா பாருடா என்று முதலில் கூப்பிட்டது அவனைத்தான். இப்போது வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது.

உள்ளே விசில் கேட்டது. அவன் சக்கரத்தைத் திருப்பினான். கிளிப் அவன் கால்சட்டைக்குள் கணுக்காலருகே இருந்தது. அதைப் பிடுங்க என் விரல்கள் மடங்காது. மடங்கியிருந்தால் பேச்சே இல்லை.

"மார்னிகிட்ட சொல்லப்போறேன்."

"சொன்னா இத்தோட சரி, ஓரஸ்ட். அப்புறம் நீ யாரோ நான் யாரோ."

ஒரு பாதிதானே, முன்னெல்லாம் அவன் செய்யாததா என்று மனம் எனக்கே வக்காலத்து வாங்கியது. அவனுடைய ஒரு கண் மட்டும் லேசாக ஓரத்துக்கு விலகுவதுபோல் தோன்றியது. உண்மையா பிரமையா, இன்றுவரை தெரியாது. தொண்டை கிழிய மார்னியைக் கூப்பிட்டேன்.

அவள் ஓடிவந்து, கட்டுத்துணி வெட்டும் கத்தரியால் கால்சட்டையைக் கிழித்துக் கிளிப்பை எறிந்தாள். மருத்துவர் அளந்தபோது ரத்த அழுத்தம் இருநூற்று இருபது. இன்னும் சற்று நேரம் போயிருந்தால் என்று தொடங்கிய அவர் முடிக்கவில்லை. டெரிலுக்கு ஓராண்டுத் தடை. அவனில்லாமல் ஆடித் தோற்றோம்.

பயிற்சிக்கு வரத் தடையில்லை என்பதால் வருகிறான். எதிரணியில் நின்று ஆடுகிறான். எங்கள் ஆட்டத்தில் வேண்டியவனைத்தான் பலமாக மோதுவோம். பல்லைக் கடித்துக்கொண்டு வந்து நாற்காலியோடு கவிழ்த்துவிட்டு, மேலே நின்று சிரிப்போம். டெரில் மற்ற எல்லோரையும் அப்படித்தான் கவிழ்க்கிறான். நான் பந்தோடு வந்தால் மட்டும் ஒதுங்கி வழிவிடுகிறான். நேற்று அவன் சக்கரம் என் சக்கரத்தில் லேசாக உரசிவிட்டது.

"மன்னிச்சுக்குங்க" என்றான்.

எங்கள் கூட்டத்தில் யாரும் யாரிடமும் அப்படிச் சொன்னதே இல்லை. நான் கோட்டைத் தாண்டிப் போனேன். தடுக்க ஆளில்லை. உயிரோடு இருக்கிறானே, அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். போதவில்லை.